21 நாள் ஜூஸ் விரதம்: நச்சு வெளியேறுமா, காசு மட்டும் வெளியேறுமா?

செம்பவாங் மகள் · ஞாயிறு இரவு 10:12

வணக்கம். கொஞ்சம் அவசரமாகவே கேட்கிறேன்.

அம்மாவுக்கு வயது 63. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பல வருடமாக உண்டு. மெட்ஃபார்மின், கிளிப்பிசைடு, பிரஷருக்கு லோசார்டன், கொழுப்புக்கு சிம்வாஸ்டேட்டின் எடுக்கிறார். இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ஒழுங்காகப் பார்த்து வருகிறார். இப்போது எங்கள் புளோக் ஆன்ட்டி ஒருவர் அம்மாவை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். 21 நாள் வெறும் ஜூஸ். காலையில் வெண்பூசணி, பத்தரைக்குக் கேரட் பீட்ரூட், மதியம் கீரையும் செலரியும் ஆப்பிளும் அடித்த பச்சை ஜூஸ், நாலு மணிக்கு ஆரஞ்சு, இரவு இளநீர். சோறு, சப்பாத்தி, பருப்பு எதையும் தொடக்கூடாது. "இத்தனை வருடம் சேர்ந்த நச்செல்லாம் போய்விடும், மாத்திரையை ஒவ்வொன்றாக நிறுத்திவிடலாம்" என்று குழுவை நடத்துபவர் குரல் பதிவு போடுகிறார். கூடவே குடலைச் சுத்தம் செய்ய என்று ஒரு பொடியும் விற்கிறார். விலையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது.

இது போதாதென்று என் வீட்டுக்காரரும் சேர்கிறேன் என்கிறார். அவருக்கு நோய் எதுவும் இல்லை, தொப்பைதான்.

இதனால் உண்மையில் ஏதாவது பயன் உண்டா? செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அம்மா வருகிற வெள்ளிக்கிழமை ஆரம்பிக்கப் போகிறார். நான் வாயைத் திறந்தால் "நீ என்ன டாக்டருக்கா படித்தாய்" என்று அடைத்துவிடுகிறார்.

கோப்பி ஓ கோசோங் · ஞாயிறு இரவு 10:31

மாத்திரையை நிறுத்தச் சொல்பவரே பொடியும் விற்கிறார். இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

பூன் லே தம்பி · ஞாயிறு இரவு 10:58

அண்ணே, எடுத்த எடுப்பில் மட்டம் தட்டாதீர்கள். நான் செய்திருக்கிறேன். 21 நாள் இல்லை, அதைவிடக் குறைவு. முதல் வாரத்திலேயே எடை நன்றாக இறங்கியது. முகம் தெளிந்தது, காலையில் எழும்போது வயிறு உப்புசம் இல்லை. முதல் இரண்டு நாள் தலை பிளந்தது, அது நச்சு வெளியேறும் அறிகுறி என்று சொன்னார்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு அப்படி ஒரு லேசு. சர்க்கரை நோயாளிகளைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் அக்காவின் வீட்டுக்காரர் தாராளமாகச் செய்யலாம்.

கோப்பி ஓ கோசோங் · ஞாயிறு இரவு 11:03

தம்பி, விரதத்துக்கு முன்னால் ஒரு நாளைக்கு எத்தனை கோப்பி?

பூன் லே தம்பி · ஞாயிறு இரவு 11:05

மூன்று. சில நாள் நாலு.

கோப்பி ஓ கோசோங் · ஞாயிறு இரவு 11:09

அதுதான் அந்தத் தலைவலி. தினமும் குடிக்கிறவன் கோப்பியைச் சட்டென்று நிறுத்தினால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல், ஒரு நாளுக்குள் தலை வலிக்க ஆரம்பிக்கும். இரண்டாம் நாள் உச்சத்தில் இருக்கும், அப்புறம் தானே அடங்கும். என் பெயரைப் பார்த்தாலே தெரியும், இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. ஒரு சொட்டு ஜூஸ் குடிக்காமல், மூன்று வேளையும் சோறு சாப்பிட்டுக்கொண்டு கோப்பியை மட்டும் நிறுத்திப் பாருங்கள், அதே தலைவலி அதே நேரத்துக்கு வரும்.

இரவு ஷிப்ட் · திங்கள் காலை 8:20

வேலை முடிந்து இப்போதுதான் பார்த்தேன். நான் சிறுநீரக வார்டில் தாதி. அக்கா, அம்மா விஷயத்தை முதலில் பேசுவோம், வீட்டுக்காரர் காத்திருக்கட்டும்.

கிளிப்பிசைடு, கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும் மாத்திரை. சாப்பாடு உள்ளே போனதா என்று அது பார்ப்பதில்லை. வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு டம்ளர் வெண்பூசணிச் சாற்றோடு நிறுத்தினால், அந்தச் சாற்றில் மாவுச்சத்து இல்லாத குறையாகத்தான் இருக்கும், இரத்தச் சர்க்கரை 4 mmol/L என்ற அளவுக்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்க்கும், கை நடுங்கும், படபடக்கும். வயதானவர்களுக்குச் சில சமயம் இந்த எச்சரிக்கைகூட வராது. நேரே குழப்பம், பேச்சில் தடுமாற்றம், விழுந்துவிடுவது. இரவில் தூக்கத்தில் இறங்கினால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியாது. நாலு மணி ஆரஞ்சு ஜூஸுக்கு இதற்கு நேர்மாறு, அரை மணியில் விறுவிறுவென்று ஏறும்.

அடுத்தது லோசார்டன். அது பொட்டாசியத்தை உடம்பில் தக்கவைக்கும். இளநீர், ஆரஞ்சு, கீரை, பீட்ரூட் எல்லாவற்றிலும் பொட்டாசியம் தாராளம். பல வருடச் சர்க்கரை என்றால் சிறுநீரகம் கொஞ்சமாவது தளர்ந்திருக்க வாய்ப்புண்டு. அது வெளியேற்ற முடியாத பொட்டாசியம் இரத்தத்தில் ஏறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். வலி கிடையாது. பெரும்பாலும் கை கால் சோர்வுதான் தெரியும், "விரதம் இருக்கிறேன் அல்லவா, அதனால்தான்" என்று நினைத்துக்கொள்வார்கள். ஈசிஜி தாளில் வழக்கமாக மொட்டையாக வருகிற அலை அப்போது கூர்கூராக நிமிர்ந்து நிற்கும். அதைப் பார்த்ததும் டாக்டர் ஓடி வருவார். இது மாதம் தவறாமல் நாங்கள் பார்க்கிற காட்சி. அதற்கு எப்போதும் ஜூஸ்தான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

அம்மாவின் கடைசி இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், ஈஜிஎஃப்ஆர் எவ்வளவு என்று பாருங்கள். ஹெல்த்ஹப் செயலியில் இருக்கும். எண்ணை இங்கே போட வேண்டாம், மருந்தகத்தில் கேளுங்கள்.

வாத்தியார் · திங்கள் மதியம் 2:45

ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். எல்லாரும் சேர்ந்து விரதத்தையே கேலி செய்வதுபோல இருக்கிறதே. லங்கணம் பரம ஔஷதம், பட்டினியே சிறந்த மருந்து என்று சும்மாவா சொன்னார்கள்? கந்த சஷ்டி ஆறு நாளும் பாலும் பழச்சாறும் மட்டுமே எடுத்து டேங்க் ரோடு கோவிலுக்குப் போய்வரும் எத்தனை பேரை நான் காட்டட்டும்? தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்து, அலகு குத்தி, சிராங்கூன் சாலை பெருமாள் கோவிலிலிருந்து நடந்து போகிறார்களே, அவர்களுக்கெல்லாம் மயக்கமா வந்துவிட்டது?

பழைய கதை மட்டும் பேசவில்லை. ஜெர்மனியில் புக்கிங்கர் முறை என்று நூறு வருடமாகச் சாறும் காய்கறி ரசமும் கொடுத்து விரதம் இருக்கவைக்கிறார்கள். 2019ல் 1422 பேரை வைத்து ஆய்வு வெளியிட்டார்கள். 4 நாள் முதல் 21 நாள் வரை விரதம் இருந்தவர்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, எடை எல்லாம் இறங்கியது, பெரிய பாதிப்பு இல்லை. 2016ல் ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு நோபல் பரிசு கொடுத்ததும் உயிரணு தன் குப்பையைத் தானே தின்று எப்படிச் சுத்தம் செய்துகொள்கிறது என்பதைக் கண்டுபிடித்ததற்குத்தானே? பட்டினியில்தானே அது தூண்டப்படுகிறது?

மருந்துச்சீட்டு · திங்கள் இரவு 9:15

வாத்தியார் ஐயா சொன்ன இரண்டு தகவலும் சரியானவை. ஆனால் இரண்டுமே 21 நாள் வாட்ஸ்அப் விரதத்துக்கு உதவிக்கு வராது. நான் மருந்தாளர், அந்த ஆய்வை வாசித்திருக்கிறேன்.

புக்கிங்கர் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் விரதத்துக்கு முன் டாக்டரிடம் பரிசோதனை செய்துகொள்கிறார்கள். தாதியர் தினமும் பார்க்கிறார்கள், மருந்தின் அளவை டாக்டர் குறைக்கிறார் அல்லது மாற்றுகிறார். முடிக்கும்போது உணவைப் படிப்படியாகத் திரும்பக் கொடுக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 250 கலோரிதான், அதாவது ஜூஸ் கொஞ்சம்தான். இன்னொன்று, அந்த ஆய்வில் விரதம் இல்லாத ஒப்பீட்டுக் குழு இல்லை. வேலையையும் வீட்டையும் விட்டு ஏரிக்கரையில் போய் நடந்து, தூங்கி, மதுவைத் தொடாமல் இருப்பவருக்கு இரத்த அழுத்தம் இறங்குவதில் விரதத்தின் பங்கு எவ்வளவு என்று அதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

ஓசுமி ஈஸ்டில்தான் அந்த வேலையைச் செய்தார். மனித உடம்பிலும் அது நடக்கிறது, உண்மை. ஆனால் உணவு இல்லை என்ற செய்தி உயிரணுவுக்குப் போனால்தான் அது தீவிரமாகும். சில மணி நேரத்துக்கொரு முறை சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போய் இன்சுலின் ஏறினால் அந்தச் செய்தியே போகாது. தன்னைத்தானே சுத்தம் செய்யும் அந்த வேலையை நிறுத்துவதற்குத்தான் ஜூஸ் உதவும்.

தைப்பூச விரதம் இதிலிருந்து வேறு, ஐயா. பெரும்பாலானோர் ஒரு வேளையாவது சைவச் சோறு சாப்பிடுகிறார்கள். பருப்பு உண்டு, தயிர் உண்டு. அதற்குப் பக்தி காரணம், யாரும் அதை வைத்துப் பொடி விற்பதில்லை.

சாறு கடை · திங்கள் இரவு 11:40

உணவங்காடி நிலையத்தில் அண்ணன் நடத்திய ஜூஸ் கடையில் சில வருடம் நின்றவன் நான். உள்ளிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு பெரிய கப் ஆரஞ்சுக்கு நாலைந்து பழம் போகும். கேரட் என்றால் பிழியப் பிழிய நுரைதான் மேலே நிற்கும், கப் நிறைவதற்குள் அரை கிலோ காலி. இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு வாளி இருக்கும், சக்கை அதில் விழும். மதியக் கூட்டம் முடிவதற்குள் இரண்டு தடவை கொட்டுவோம். நார்ச்சத்து அந்த வாளியில் போகிறது. வாடிக்கையாளர் கையில் கிடைப்பது நிறமும் இனிப்பும்.

சில கடைகளில் கப்புக்கு ஒரு கரண்டி சர்க்கரைப் பாகும் விழும், கேட்டால் "பழம் இன்றைக்குப் புளிப்பு" என்பார்கள். பாகு போடாமலே ஆரஞ்சோ ஆப்பிளோ 100 மில்லிக்கு 8லிருந்து 10 கிராம் சர்க்கரை. 400 மில்லி கப்புக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரம் போடும் நியூட்ரி-கிரேடு அளவுகோலில் 100 மில்லிக்கு 5 கிராமைத் தாண்டினால் சி, 10ஐத் தாண்டினால் டி. 2022 டிசம்பர் கடைசியில் டப்பா, போத்தல் பானங்களுக்கு வந்தது, அடுத்த வருடம் கடையில் அப்போதே கலந்து தருவதற்கும் வந்தது. உலகச் சுகாதார நிறுவனமும் பழச்சாற்றுச் சர்க்கரையைச் சீனிக் கணக்கில்தான் சேர்க்கிறது, பழக் கணக்கில் இல்லை.

பச்சை ஜூஸ் என்று சொல்கிறார்களே, அதில் ஆப்பிளை எடுத்துவிட்டு வெறும் கீரையும் செலரியும் அடித்துக் கொடுங்கள். மறுநாள் ஒருவர்கூட வரமாட்டார்.

பூன் லே தம்பி · செவ்வாய் காலை 7:50

சரி, சர்க்கரை இருக்கட்டும். எடை இறங்கியது பொய்யா? அதே தராசுதானே?

மருந்துச்சீட்டு · செவ்வாய் மதியம் 1:10

தம்பி, எடை இறங்கியது உண்மை. இறங்கியது என்ன என்று பார்க்க வேண்டும். கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கிறோம், மொத்தம் 400, 500 கிராம். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் அது செலவாகிறது, தண்ணீரும் போகிறது. கூடவே ஜூஸில் உப்பில்லாததால் உடம்பு தேக்கிவைத்த தண்ணீரும் போகும். முகம் வடிந்து தெளிவாகத் தெரிவது அதனால்தான். குடலில் சக்கை இல்லாததால் வயிறும் லேசு. ஒரு சனிக்கிழமை பிரியாணி சாப்பிட்டால் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும்.

கொழுப்பும் கொஞ்சம் கரையும், மறுக்கவில்லை. அதோடு தசையும் கரையும். 60 கிலோ ஆளுக்குக் குறைந்தது 48 கிராம் புரதம் தினமும் வேண்டும். அஞ்சு கப் ஜூஸில் பத்து கிராம் தேறினால் பெரிது. அறுபது வயதைத் தாண்டியவருக்குப் போன தசை திரும்ப வருவது கடினம். 21 நாளில் அம்மா இழக்கப்போவதில் எனக்கு அதிகம் கவலை தருவது அதுதான்.

அப்புறம் நச்சு. 2009ல் பிரிட்டனில் ஒரு விஞ்ஞானக் குழு, நச்சு நீக்கும் என்று விற்கப்படும் பொருள்களை எடுத்துக்கொண்டு, தயாரித்தவர்களிடமே கேட்டது: எந்த நச்சு, அது போனது எப்படித் தெரியும் என்று. உருப்படியாக ஒருவரும் பதில் சொல்லவில்லை. 2015ல் வெளிவந்த ஒரு மருத்துவ மதிப்பாய்வும் இந்த வகை உணவுமுறைகள் நச்சை நீக்குவதாகக் காட்டும் முறையான ஒப்பீட்டு ஆய்வு இல்லை என்றே சொன்னது. அம்மா குழுவிலும் இதையே கேளுங்கள். ஈயமா, பாதரசமா, என்ன? ஈயம் ஏறியிருந்தால் இரத்தத்தில் அளக்கலாம், அதை வெளியேற்றும் மருந்தும் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. வெண்பூசணிச் சாறு அந்தப் பட்டியலில் இல்லை.

உடம்பு தினமும் செய்கிற சுத்திகரிப்பைப் பாருங்கள். சிறுநீரகம் ஒரு நாளைக்கு 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டி, அதில் ஒன்றரை இரண்டு லிட்டரைத்தான் சிறுநீராக விடுகிறது. கல்லீரல், மருந்தையும் மதுவையும் வேறு ரசாயனங்களையும் உடைத்து, கிளைசின், சிஸ்டீன் போன்ற அமினோ அமிலங்களின் துணையோடு தண்ணீரில் கரையும்படி மாற்றி வெளியே அனுப்புகிறது. அமினோ அமிலம் எங்கிருந்து வரும்? பருப்பிலிருந்து, முட்டையிலிருந்து, மீனிலிருந்து. சுத்திகரிக்கிற உறுப்புக்குப் போகவேண்டிய சரக்கை நிறுத்திவிட்டு அதற்குச் சுத்திகரிப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. பழைய பூச்சிமருந்துகள் போன்ற சில மாசுகள் உண்மையிலேயே உடம்புக் கொழுப்பில் தங்குகின்றன. வேகமாக எடை குறைந்தால் அவை வெளியே போவதற்கு முன் இரத்தத்தில் அளவு கூடுகிறது. இது அளந்து பார்த்தது.

பூன் லே தம்பி · செவ்வாய் மாலை 6:25

புரிகிறது. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த விரதத்துக்கு முன்னால் தினமும் ராத்திரி பதினொரு மணிக்கு சப்பர். பிராட்டா, முர்தபா, தே தாரே, பக்கத்தில் ஒரு பண்டுங். ஜூஸில் இறங்கிய பிறகு அந்தப் பழக்கம் அறுந்தது, இன்றுவரை திரும்பவில்லை. நச்சு போனதோ இல்லையோ, சப்பர் போனது. யாராவது "சப்பரை நிறுத்து" என்று சும்மா சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன். காசு கொடுத்து, நாள் குறித்து, நண்பர்களிடம் சொல்லிவிட்டுச் செய்ததால்தான் நடந்தது. எனக்கு அது லாபம்தான்.

கோப்பி ஓ கோசோங் · செவ்வாய் மாலை 6:40

இந்த வாதம் நியாயம். இழையில் இதுவரை ஜூஸுக்கு ஆதரவாக வந்ததில் இதுதான் உருப்படியானது. நாள் குறித்து சப்பரை மட்டும் நிறுத்தியிருந்தால் பர்ஸும் தப்பித்திருக்கும் என்பது வேறு.

ஈசூன் மாலா · செவ்வாய் இரவு 8:05

எங்கள் வீட்டில் ஒரு சொந்தக்காரர் அந்த மாதிரிப் பொடி குடித்தார். கறுப்பாக, நீளமாக, ரப்பர்போல வெளியே வந்தது, படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார் (நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்). இருபது வருடக் கழிவு குடலில் ஒட்டியிருந்ததாம். அது என்ன?

மருந்துச்சீட்டு · செவ்வாய் இரவு 9:30

பொடியேதான். அந்தப் பொடிகளில் பலவற்றில் இசப்கோலும் பெண்டோனைட் களிமண்ணும் கலந்திருக்கும். இரண்டும் தண்ணீரை இழுத்து ஊதி, குடலின் வடிவத்தில் அச்சு எடுத்ததுபோல வரும். குடலின் உள்தோல் சில நாளுக்கொரு முறை தானே உதிர்ந்து புதிதாகிறது, அதில் இருபது வருடம் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. பாதத்தில் ஒட்டிப் படுத்தால் காலையில் பழுப்பாகிற பட்டையும் இப்படித்தான், ஈரம் பட்டாலே நிறம் மாறும். கெட்டில் ஆவியில் காட்டிப் பாருங்கள்.

களிமண்ணோடு போனால் பரவாயில்லை. சென்னா என்கிற நிலாவிரை கலந்த பொடி நாள்பட எடுத்தால் பேதியில் பொட்டாசியம் இறங்கும், குடல் அது இல்லாமல் அசையாமல் போகலாம். அதைவிட மோசம் சிபுட்ரமைன். இதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து என்று 2010லேயே இங்கே விலக்கப்பட்ட மருந்து. எடை குறைக்கும் பானங்களிலும் மிட்டாய்களிலும்கூட அது கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் கண்டுபிடித்து எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. பெயர்ப்பட்டையில் "இயற்கை மூலிகை" என்றுதான் இருக்கும். பசி சுத்தமாக நின்று, நெஞ்சு படபடத்து, தூக்கம் போனால் சந்தேகப்பட வேண்டும்.

மட்டுறுத்துநர் · செவ்வாய் இரவு 10:02

இழையில் ஒரு பொடி விளம்பரமும் வாட்ஸ்அப் இணைப்பும் நீக்கப்பட்டன. மறுபடி போட்டால் கணக்கு முடக்கப்படும்.

நோன்புக்கஞ்சி · புதன் காலை 11:15

செம்பவாங் சகோதரிக்கு ஒரு யோசனை. எங்கள் வீட்டிலும் அத்தாவுக்குச் சர்க்கரை. ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே பலதுறை மருந்தகத்தில் சொல்லிவிடுவோம். காலை மாத்திரையை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுவார்கள், சிலதைக் குறைப்பார்கள், எந்த அளவுக்குக் கீழே போனால் நோன்பை உடனே திறக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார்கள். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதையும் சொல்வார்கள். இரவில் சாப்பிடுகிற நோன்புக்கே இத்தனை ஏற்பாடு. நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கும் மார்க்கத்திலேயே உண்டு.

அம்மாவிடம் "செய்யாதே" என்று சொல்லிப் பயனில்லை. "டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்" என்று அழைத்துப் போங்கள். மகள் பேச்சைக் கேட்காத தாய்மார்கள் மருந்தகத் தாதி சொன்னால் கேட்பார்கள்.

வாத்தியார் · புதன் மதியம் 3:30

பாய் சொல்வது நல்ல யோசனை. மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்கக்கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன், அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. ஆனால் நோயில்லாத ஒருவர் ஏகாதசிக்கு ஒரு நாள் வயிற்றைக் காயப்போடுவதையும் சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், விரதத்துக்கும் அந்த அளவு போதும்.

இரவு ஷிப்ட் · புதன் இரவு 7:10

ஐயா, ஒரு நாள் இரண்டு நாள் என்றால் எனக்கும் ஆட்சேபனை இல்லை. செம்பவாங் அக்காவின் வீட்டுக்காரருக்கும் அதே பதில்: நோயில்லை, மருந்தில்லை என்றால் ஒரு வாரக்கடைசி ஜூஸ் குடித்து உயிர் போகாது. ஆனால் கவுட், அதாவது யூரிக் அமிலம் மூட்டில் சேர்ந்து வரும் வீக்கம், இருக்கிறதா என்று கேளுங்கள். பட்டினியில் சேரும் கீட்டோன், யூரிக் அமிலம் வெளியேறுவதைத் தடுக்கும். பழச் சர்க்கரை யூரிக் அமிலத்தை இன்னும் ஏற்றும். இரண்டும் சேர்ந்தால் கால் கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டாலே அலறுவார். வேகமாக எடை இறங்குகிறவர்களுக்குப் பித்தப்பையில் கல்லும் சேரும்.

நாள் நீளும்போது இரண்டு விஷயம் என்னைப் பயமுறுத்தும்.

ஒன்று, முடிக்கிற நாள். அஞ்சு நாளுக்கு மேல் சரியான உணவில்லாத உடம்புக்குத் திடீரென்று வாழையிலை நிறையச் சோறு போட்டால் இன்சுலின் எகிறி, இரத்தத்தில் இருக்கிற பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாவற்றையும் உயிரணுக்களுக்குள் இழுத்துவிடும். இதயம், மூச்சு இரண்டும் திணறும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட கைதிகள் சிலர் சாப்பாடு கிடைத்த பிறகு இறந்துபோனதிலிருந்து மருத்துவ உலகம் கற்ற பாடம் இது. ஜூஸில் சர்க்கரை இருப்பதால் முழுப் பட்டினி அளவுக்கு ஆபத்து இல்லை, ஆனால் ஏற்கெனவே மெலிந்தவர்களுக்கும் முதியவர்களுக்கும் உண்டு.

இரண்டு, பச்சை ஜூஸ். கீரையில், முக்கியமாகப் பாலக்கீரை, பீட்ரூட் இலை போன்றவற்றில் ஆக்சலேட் அதிகம். பொரியலாக ஒரு கரண்டி சாப்பிடுவது வேறு, ஒரு கட்டுக் கீரையைப் பச்சையாக அரைத்துத் தினமும் குடிப்பது வேறு. ஆக்சலேட் படிகங்கள் சிறுநீரகக் குழாய்களை அடைத்து, டயாலிசிஸ் வரை போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. பெலிம்பிங் பூலோ, அதாவது ஊறுகாய் போடுகிற புளிப்புப் பிலிம்பிக்காய், அதன் சாற்றைக் கொழுப்புக்கு நல்லது என்று குடித்துக் கேரளாவில் இப்படி ஆனவர்கள் இருக்கிறார்கள். சுரைக்காய்ச் சாறு கசந்தால் ஒரு வாய்கூட விழுங்கக்கூடாது. 2010ல் டெல்லியில் ஓர் உயிரே போனது, அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு போட்டு எச்சரித்தது.

செம்பவாங் மகள் · வியாழன் இரவு 9:48

எல்லாருக்கும் நன்றி. இன்று அரை நாள் லீவு போட்டு அம்மாவை மருந்தகத்துக்கு அழைத்துப் போனேன். "விரதம் இருக்கப் போகிறேன், மருந்தை மாற்றிக் கொடுங்கள்" என்று அம்மாவே சொன்னார். தாதி அந்த ஜூஸ் பட்டியலைப் படித்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், டாக்டரை அழைத்துவந்தார். சிறுநீரகம் லேசாகக் குறைந்திருக்கிறது, இந்த விரதம் வேண்டவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசவில்லை. இப்போது "சரி, மூன்று நாளாவது இருக்கிறேன்" என்று பேரம் பேசுகிறார். சாப்பாட்டு நிபுணரைப் பார்க்க நாள் வாங்கியிருக்கிறோம். தட்டில் பாதி காய், கால்பங்கு சோறு, கால்பங்கு பருப்போ மீனோ என்று படம் போட்ட தாள் ஒன்று கொடுத்தார்கள், அதை ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தேன். அம்மா அதன்மேல் கோவில் காலண்டரை மாட்டிவிட்டார்.

வீட்டுக்காரர் இந்த இழையைப் படித்துவிட்டு, கவுட் இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்யப் போகிறாராம். பொடிக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, அது திரும்பி வராது என்று குழுவில் சொல்லிவிட்டார்கள்.

ஒரு சந்தேகம். அம்மாவைச் சேர்த்துவிட்ட அந்த ஆன்ட்டிக்குச் சிறுநீரகப் பிரச்சினை உண்டு, டயாலிசிஸ் இன்னும் ஆரம்பிக்கவில்லை. அவர் பட்டியலில் நட்சத்திரப் பழ ஜூஸும் இருக்கிறது, பிரஷருக்கு நல்லதாம். பரவாயில்லையா?

இரவு ஷிப்ட் · வியாழன் இரவு 9:55

இல்லை அக்கா. இன்றைக்கே, இப்போதே போய்ச் சொல்லுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு நட்சத்திரப் பழம் ஒன்றே போதும். அதில் காரம்பாக்சின் என்ற பொருள் இருக்கிறது, நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும், இவருடையது வெளியேற்றாது. நேரே மூளையைத் தாக்கும். முதலில் நிற்காத விக்கல், அப்புறம் வாந்தி, குழப்பம், வலிப்பு. உயிரிழந்தவர்கள் உண்டு. ஏற்கெனவே குடித்திருந்தால், விக்கல் வந்தால், காலை வரை காத்திருக்க வேண்டாம், 995ஐ அழையுங்கள். என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதை மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள், உடனடி டயாலிசிஸ் தேவைப்படலாம்.

செம்பவாங் மகள் · வியாழன் இரவு 9:57

கீழ்மாடிதான். போகிறேன்.

செம்பவாங் மகள் · வியாழன் இரவு 10:26

இன்னும் குடிக்கவில்லையாம், பழம் வாங்கி வைத்திருக்கிறார். பையோடு எடுத்து வந்துவிட்டேன். அம்மாவும் கூட வந்து கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று நாள் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை, காலையில் இட்லிக்கு ஊறவைத்திருக்கிறேன் என்றார்.